தறிச் சத்தம் கேட்காத போன்

எங்கள் தெருவில் தறிகள் பகலில் நிற்பது சாவுக்கு மட்டும்தான். பிணம் எடுக்கும்வரை யாரும் நெய்ய மாட்டார்கள். விசைத்தறி வந்த பிறகும் அது மாறவில்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

தெருவுக்கு இருந்தது ஒரே போன், முனையில் நூல் கடைக்காரர் வீட்டில். எங்கள் எல்லோருக்கும் அதுதான் பி.பி. நம்பர். கல்யாணப் பத்திரிகையில்கூடக் கூச்சமில்லாமல் அதையே போட்டுக்கொள்வோம். போன் வந்தால் ஆள் வந்து கூப்பிடும். போன் செய்தவர் சற்றுப் பொறுத்து மறுபடி போடுவார். தறிச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தித்தான் பேச வேண்டும். ரகசியம் என்று எதுவும் மிஞ்சாது.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். என் கணவர் ஜரிகை வாங்க சூரத் போனார். சேர்ந்ததும் பேசுகிறேன் என்றவர் பேசவில்லை. அந்தப் பக்கம் வெள்ளத்தில் ரயில்கள் நிற்பதாக ரேடியோ சொன்னது. அவர் தங்கும் இடத்து நம்பர் எங்களிடம் இல்லை. மாமியார் முன்னால் அழக் கூடாதென்று குழாயடியில் போய் அழுவேன்.

ஒரு நாள் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். முனையில் ஒரு தறி நின்றது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. எங்கள் வீடுவரை வந்து தெருவே அடங்கிவிட்டது. செய்தி வந்துவிட்டது, என்னிடம் சொல்வதற்கு முன் தெருவுக்குச் சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

நூல் கடைக்காரர் வீட்டு அக்கா ஓடிவந்தார். "உனக்கு போன் வந்துது, ஜல்தியா வா. ஒண்ணுமே கேக்கல, அதான் தறிய நிறுத்தச் சொன்னேன்." யார் பேசியது என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை என்றார். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு என் பாதி உயிரை எடுத்துவிட்டது.

நான் ஓடிப்போய் நின்றதும் போன் மறுபடி அடித்தது. அவர் குரல். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் அத்தனை நாள் அடக்கியது உடைந்து, ஓவென்று அழுதேன்.

அவர் கேட்டார்: "இன்னா, தறி சத்தமே காணோம்? அம்மாவா?"

இல்லை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் லைன் போய்விட்டது. அன்று செத்த லைன் அவர் ஊர் திரும்பும்வரை உயிர் பெறவில்லை.

மாமியாரிடம் பிள்ளை நலம் என்று மட்டும் சொன்னேன். போனில் அவர் கேட்டதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தத் துக்கத்தோடு அத்தனை தூரம் தனியாக ரயிலில் வருகிறாரே, வழியில் என்ன ஆகுமோ என்று என் பயம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

ஒரு மத்தியானம் வந்தார். கையில் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ரோஜா மாலை. தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மாவை எடுத்துவிட்டார்கள், முகம் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை என்று நினைத்தாராம். அழுதுகொண்டே உள்ளே நுழைந்தார். மாமியார் கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குடா மால?" என்றார்.

அவர் மாலையோடு அப்படியே உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்குப் போன் வந்தால் ஒரு தறியைக்கூட நிறுத்த விட்டதில்லை. பாதி கேட்காமல் போனாலும் பரவாயில்லை என்று கத்திப் பேசிவிட்டு வருவேன்.