எல்லாம் தப்பாகச் சொன்ன நாள்

என் தம்பிக்கு நாலைந்து எண்களைக் கேட்டுவிட்டு அப்படியே திருப்பிச் சொல்ல வராது. அதற்காக அவனுக்குச் சனிக்கிழமைதோறும் மசாலா தோசை வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு அது நேராகவும் வரும், தலைகீழாகவும் வரும். நான் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து கன்னட சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்தவர்கள். அப்பாவுக்கு டயர் ஃபேக்டரியில் வேலை. அம்மாவுக்கு மனநோய். குழாய்த் தண்ணீரில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்பாள், ஜன்னலுக்கு வெளியே தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பாள். நோய் முற்றிய நாட்களில் சாப்பிடமாட்டாள். அவள் கண் முன்னால் நான் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினால், சற்று நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொள்வாள். காலையில் அவள் பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே அன்றைக்கு எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். தம்பிக்கு ஒன்றும் தெரியாது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

அம்மாவைக் காட்டுகிற ஆஸ்பத்திரியில் ஒரு மேடம் இருந்தார். நோயாளிகளின் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஞாபகம் எப்படி, யோசனை எப்படி என்று சோதித்துப் பார்ப்பார். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். 'ஜாணெ' என்று கன்னடத்தில் மெச்சி, கெட்டிக்காரி என்று கன்னத்தைத் தட்டி அனுப்பிவிட்டார். தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை வாராவாரம் அழைத்துவரச் சொன்னார்.

வயிறு எரிந்தது எனக்கு. கலர் பென்சில் அவனுக்கு, அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நிற்கிற இடம் அவனுக்கு, திரும்பும் வழியில் அக்ரஹாரத்து ஹோட்டல் தோசை அவனுக்கு. படிக்காதவனுக்கு இத்தனை சீராட்டா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அதையாவது பொறுத்திருப்பேன். ஒரு சனிக்கிழமை வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னான்.

"அம்மாக்கு இப்படி ஆனதுக்கு நான் காரணமில்லையாம்க்கா. மேடம் சொன்னாங்க."

அன்று இரவு படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். வீட்டில் இருந்த பிள்ளைகள் இரண்டே பேர். அவன் இல்லை என்று மேடமே சொல்லிவிட்டார். அப்படியானால் மீதி நான்தானே? எனக்கும் அந்த வார்த்தையை யாராவது சொல்லவேண்டும். சொல்லக்கூடியவர் அந்த அறைக்குள் இருந்தார். மக்குப் பிள்ளைகளுக்குத்தான் அந்த அறைக்கதவு திறக்கும்.

சில மாதம் கழித்து எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி சோதிப்பது அங்கே வழக்கம். அந்த நாளுக்காகக் காத்திருந்தேன். மேடம் படங்களை நீட்டினார். ஒவ்வொரு படத்திலும் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும், கீழே உள்ளவற்றில் எது பொருந்தும் என்று தொட்டுக் காட்டவேண்டும். சரியானது எது என்று முதலில் நன்றாகப் பார்த்துக்கொண்டு, வேறொன்றைத் தொட்டேன். ஒரு படத்தில்கூடத் தவறிப்போய்ச் சரியானதைத் தொட்டுவிடவில்லை. மக்காக இருப்பது இவ்வளவு சுலபமா என்று உள்ளூர ஒரே குஷி.

மேடம் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அப்பாவை உள்ளே கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தால்கூட ஒன்றிரண்டு சரியாக வந்திருக்கும், எல்லாம் தப்பாக வரவேண்டுமானால் எல்லாம் தெரிந்திருக்கவேண்டும் என்று விளக்கினார். சரியான வாலு உங்கள் மகள், இவளைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம், இனி அழைத்துவரவும் வேண்டாம் என்றார். ஏன் அப்படிச் செய்தாய் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

தம்பியின் முறை வந்தது. அவன் உள்ளே போனான், கதவு சாத்திக்கொண்டது. அப்பா என்னை வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய், ஊரில் இருக்கிற மாமாவுக்கு ஃபோன் போட்டார்.

"ஒண்ணு தப்பிச்சிருச்சு மச்சான்," என்றார். "புள்ள தப்பிச்சிருச்சு."

ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார். ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு அதற்குள்ளேயே அழுதார். அம்மாவின் நோய் எங்களுக்கும் வந்துவிடுமோ என்று அவர் எத்தனை காலம் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. அன்று விளங்கியது ஒன்றுதான்: தம்பி உள்ளே இருக்கிறான், நான் வெளியே நிற்கிறேன். அப்பா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நீ காரணமில்லை என்று அவரும் சொல்லவில்லை. அவருக்குத்தான் என்னைப் பற்றிய கவலை விட்டதே.