அந்த ஸ்பிரேயை வாங்கியது நான்

இரண்டு வருடங்களுக்கு முந்திய ஒரு பெப்ரவரி மாதம். டென்மார்க்கில் கோல்டிங் நகரத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் தெற்கே ஓடினால் ஜெர்மன் எல்லை, அதைத் தாண்டியதும் பிளென்ஸ்பூர்க். அங்கே சாமான் மலிவு என்பதால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி போய், கார் கொள்ளாத அளவுக்கு ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஒருவர் போகிறார் என்று தெரிந்தால் போதும், மற்றவர்களின் பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்துவிடும். சோடாப் பெட்டி, ஷாம்பு, சொக்கலேட், சலவைத்தூள். நான் போனால் பட்டியல் இன்னும் நீளும். எனக்கு யாரிடமும் ‘ஏலாது’ என்று சொல்ல வராது. உண்மையைச் சொன்னால், நாலு பேர் என்னை நம்பியிருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்தத் தலைக்கனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நகரசபையின் முதியோர் பராமரிப்பில் எனக்கு இருபது வருட வேலை. டேனிஷ் நன்றாக வரும். வரி அலுவலகம், பள்ளிக்கூடம், வங்கி என்று எங்கிருந்து கடிதம் வந்தாலும் எங்கள் ஆட்கள் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். “அக்கா சொன்னா பிழைக்காது, சரியாத்தான் இருக்கும்” என்பார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டினாலும் உள்ளுக்குள் அது தேனாக இனிக்கும்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு இளம் தம்பதி. நான் அவரைத் தம்பி என்றும் அவளைத் தங்கச்சி என்றும்தான் கூப்பிடுவேன். அவருக்குப் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. தூக்கித் தூக்கி முதுகு பழுதாகிவிட்டது. அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் காலை வேலை, விடிவதற்கு முன்பே சைக்கிளில் புறப்பட வேண்டும். வீட்டின் பின்னால் சின்னதாக ஒரு கண்ணாடிக் கூடாரம். குளிர் நாட்டில் கோடை மாதங்களில் எங்களுக்குக் கறிவேப்பிலையும் மிளகாயும் தந்தது அந்தக் கூடாரம்தான். நான் கடிதம் வாசித்துக் கொடுப்பேன், அவர்கள் கறிவேப்பிலை தருவார்கள்.

நான் பிளென்ஸ்பூர்க் போவதற்கு முதல் நாள் தங்கச்சி தொலைபேசியில் அழாத குறை. பக்கத்து வீட்டு டேனிஷ் அம்மாவின் நாய் வேலியைப் பாய்ந்து வந்து அவளுடைய கோட்டைப் பிடித்து இழுத்துவிட்டதாம். அது நல்ல உயரமான நாய். “எனக்கு இனிச் சைக்கிள் எடுக்கவே பயமாக் கிடக்கு அக்கா” என்றாள்.

அடுத்த நாள் பிளென்ஸ்பூர்க் கடையில் காசு கட்ட நிற்கிறேன். பற்பசைக்கும் கைக்குப் பூசும் கிறீமுக்கும் நடுவில் சின்னச் சின்ன ஸ்பிரேக்கள் தொங்குகின்றன. மேலே பல்லைக் காட்டும் நாயின் படம். மிளகு ஸ்பிரே, விலங்குகளை விரட்ட என்று எழுதியிருந்தது. ஒன்றை எடுத்துக் கூடைக்குள் போட்டேன். என்னுடன் வந்த மகள் இங்கே பிறந்தவள். பார்த்துவிட்டு டேனிஷில் சொன்னாள், “அம்மா, இது எங்கட நாட்டில சட்டப்படி ஆயுதம். வைச்சிருக்கக்கூடாது.” எனக்குச் சிரிப்பு வந்தது. பற்பசைக்குப் பக்கத்தில் தொங்குகிறதே ஆயுதம்! “நாய்க்குத்தானே பிள்ளை” என்று அவள் வாயை அடைத்தேன். எல்லையில் யாரும் எங்களை மறிக்கவில்லை. அன்று மாலையே ஷாம்புப் பையோடு சேர்த்துத் தங்கச்சியின் கையில் கொடுத்தேன்.

அவள் கொஞ்ச நாள் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தாள். பிறகு வசந்தம் வந்தது, காலையில் வெளிச்சமும் வந்தது, பயமும் போய்விட்டது. தம்பி அதை வாங்கிக் கண்ணாடிக் கூடாரத்துக்குள் ஒரு ஆணியில் தொங்கவிட்டார். நாய் இப்போது மிளகாய்ப் பாத்தியைக் கிண்டத் தொடங்கியிருந்தது.

இதுவரை எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. அந்த வசந்தத்தில் தம்பி மிளகாய்க் கன்றுகளுக்குப் பின்னால் மூன்று கஞ்சாச் செடிகளும் வைத்திருந்தார். முதுகு வலிக்கு மருத்துவர் கொடுத்த குளிசைகள் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டன. தொழிற்சாலையில் யாரோ ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார். தங்கச்சிக்கே அது என்ன செடி என்று பிறகுதான் தெரியும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம் போலீஸ் வந்தது. செடிகளைப் பிடுங்கினார்கள். ஆணியில் தொங்கியதையும் எடுத்து ஒரு பைக்குள் போட்டார்கள்.

தம்பிக்கு அரசு ஒரு பெண் வழக்கறிஞரை நியமித்தது. நீதிமன்றத்தில் மொழிபெயர்க்க அவர்களே ஆள் வைப்பார்கள். ஆனால் வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது, “அக்கா, ஒருக்கா எங்களோட வர ஏலுமே? சட்டத்தின்ர டேனிஷ் எனக்குப் பிடிபடாது” என்று தம்பி கேட்டார். அவருக்கு டேனிஷ் தெரியும். குடியுரிமைக்கு வேண்டிய மொழிச் சோதனையை இரண்டாம் தடவையில் பாஸ் பண்ணியவர். அதற்கு அவரைப் படிப்பித்ததே நான்தான். விண்ணப்பமும் போட்டாயிற்று, பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

வழக்கறிஞர் கோப்பை விரித்து மெதுவாக விளங்கப்படுத்தினார். மூன்று செடி, சொந்தப் பாவனைக்கு என்றால் அபராதத்தோடு போகலாம். ஆனால் செடிக்குப் பக்கத்தில் ஒரு ஆயுதம் தொங்கியிருக்கிறது. விற்பனைச் சரக்கைக் காவல் காக்கத்தான் அது என்று அரசு தரப்பு சொல்லும். நீதிபதி அதை நம்பினால் நிபந்தனைச் சிறை. சிறைக்குள் போகத் தேவையில்லை, ஆனால் குடியுரிமையை மறந்துவிட வேண்டும். சில வருடத்துக்கு அல்ல, என்றைக்குமே. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்று சொன்னார். இதே வீடு ஒரு மணி நேரம் தெற்கே ஜெர்மனியில் இருந்திருந்தால் இன்று அந்த மூன்று செடிக்கும் வழக்கு இல்லை, ஸ்பிரேக்கும் வழக்கு இல்லை.

நான் இதையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். குரல் பிசகவில்லை. தொழில் சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்ததாக வழக்கறிஞர் கேட்டார். அந்த ஸ்பிரே எங்கிருந்து வந்தது? யார் வாங்கியது? செடி வைப்பதற்கு முன்பே, நீங்கள் சொல்லும் நாய்ப் பயத்துக்காக வேறு யாராவது வாங்கிக் கொடுத்தது என்றால், அந்த ஆள் வந்து சொன்னால் அது பெரிய உதவியாக இருக்கும்.

தம்பிக்கு அந்தக் கேள்வி விளங்கிவிட்டது. விளங்கியது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தங்கச்சி குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

ஆயுதத்தை எல்லை தாண்டிக் கொண்டுவந்தவள் நான். வேலைக்குக் குற்றமற்றவர் என்ற சான்று கேட்பார்களே, முதியவர்களின் வீட்டுக் கதவுத் திறப்பெல்லாம் என் கையில் இருக்கிறதே, கோயிலில் என்ன கதைப்பார்கள், மகள் என்ன சொல்லுவாள். ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் இத்தனையும் ஓடியது. அவர்களைப் பற்றி ஒரு நினைப்பும் ஓடவில்லை. நான் அந்தக் கேள்வியை, ஒரு சொல் விடாமல், தமிழில் அவரிடம் கேட்டேன். என்னைப் பற்றிய கேள்வியை வேறு யாரையோ பற்றியது போலக் கேட்டேன்.

தம்பி இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, “நான்தான் வாங்கினனான் எண்டு சொல்லுங்கோ அக்கா” என்றார்.

நான் வழக்கறிஞர் பக்கம் திரும்பி, அவர்தான் வாங்கினாராம் என்று சுத்தமான டேனிஷில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள், “நீங்கள்தான் வாங்கினது எண்டு சொன்னனீங்களா?” அவர்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை என்றேன். ஒரு பொய்யை மொழிபெயர்த்துவிட்டு வந்தவளுக்குச் சொந்தமாக ஒன்று சொல்வதில் என்ன கஷ்டம்?

நீதிமன்றத்தில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். ‘தேவைப்பட்டால் எழும்பிச் சொல்லலாம்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தேவைப்பட்டது. மனைவியின் பயத்துக்காக வாங்கியது என்றால் மனைவியின் பையில் அல்லவா இருந்திருக்க வேண்டும், அது ஏன் செடிக்குப் பக்கத்தில் தொங்கியது என்று அரசு தரப்பு தம்பியை மடக்கியது. எப்போது வாங்கியது என்றும் கேட்டார்கள். அவர் தடுமாறினார். வாங்காத சாமானுக்கு நாள் சொல்ல அவரால் எப்படி முடியும்? நான் முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

அடுத்த சாட்சியாகப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டார்கள். எழுபது வயது இருக்கும். வாசனை வருகிறது என்று போலீசுக்குச் சொன்னது தான்தான் என்று நேராகவே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, காட்டிக் கொடுத்தவள் என்று மனதுக்குள் திட்டினேன். பிறகு தம்பியின் வழக்கறிஞர் நாயைப் பற்றிக் கேட்டார். அந்த அம்மாவின் முகம் சிவந்தது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தன் நாய் வேலி பாய்ந்தது உண்மை. அந்தப் பெண்ணின் கோட்டை இழுத்ததும் உண்மை. வெட்கத்தில் தான் மன்னிப்புக் கேட்காமலே விட்டுவிட்டதாகச் சொன்னார். பனி கொட்டிக்கிடந்த ஒரு காலையில் அவள் சைக்கிளைப் பிடித்தபடி, கையில் ஒரு கறுப்பு ஸ்பிரேயோடு நடுங்கிக்கொண்டு நின்றதைச் சமையலறை யன்னலால் பார்த்தாராம். “அப்போது அந்தக் கூடாரத்துக்குள் வெறும் மண்ணைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. மண் கட்டியாக உறைந்திருந்தது” என்றார்.

அந்த ஒரு பேச்சில் வழக்கு திரும்பியது. ஸ்பிரே செடிக்கு முந்தியது என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். செடிக்கு ஒரு அபராதம், ஆயுதச் சட்டத்தில் இன்னொரு அபராதம், நிபந்தனைச் சிறை இல்லை. குடியுரிமை பல வருடம் பிந்தும், ஆனால் கதவு அடைபடவில்லை. வெளியே வந்ததும் தங்கச்சி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சற்றுத் தள்ளி, கார்த் திறப்பைத் தேடுவது போல என் கைப்பையைக் கிண்டிக்கொண்டு நின்றேன். திறப்பு என் கையில்தான் இருந்தது.

ஒரு கிழமை கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். தொழிற்சங்கத்துக்குப் பெயர் சொல்லாமல் தொலைபேசி எடுத்து, அதற்கு முன்பே விசாரித்திருந்தேன். பெரும்பாலும் எனக்கும் ஒரு அபராதம்தான் வந்திருக்கும், வேலை போயிருக்கும் என்று தங்களுக்குத் தோன்றவில்லை என்றார்கள். அவ்வளவு சின்ன ஒன்றுக்குப் பயந்து ஒருவருடைய வாழ்க்கையைத் தராசில் வைத்துவிட்டேன் என்று தெரிந்தபோது என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை.

தங்கச்சி தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அழுகை வந்தது. அதற்கும் வெட்கமாக இருந்தது, அழவேண்டியவள் நான் இல்லையே.

“விடுங்கோ அக்கா. நீங்கள் எங்களுக்கு எவ்வளவு செய்திருக்கிறியள்” என்றார் தம்பி. “நாயால பயந்ததுக்கு உதவி செய்யப் போய் உங்கட வேலை போக வேணுமே?”

அவர் அப்படிச் சொன்னது என்னை இன்னும் சின்னவளாக்கியது. தங்கச்சி அவரைப் போல இல்லை. தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, கோபமில்லாத குரலில் சொன்னாள். “அந்த வழக்கறிஞர் கேட்ட நேரம், அக்கா இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவா எண்டு நான் உள்ளுக்குள்ள கும்பிட்டுக்கொண்டு இருந்தனான்.”



அன்று மாலை மகளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, “தெரியும்” என்று மட்டும் சொன்னாள்.

இப்போதும் அவர்கள் வீட்டிலிருந்து கறிவேப்பிலை வருகிறது. கடிதம்தான் வருவதில்லை. தங்கச்சி கடிதங்களை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போகிறாள். அந்த அம்மா மெதுவான டேனிஷில் வாசித்துக் காட்ட, இவள் விளங்காத சொல்லுக்குக் கீழே கோடு போடுகிறாளாம். நாய் இப்போது கட்டித்தான் இருக்கிறது.

மற்றவர்கள் இன்றும் என்னிடம் வருகிறார்கள். “அக்கா சொன்னா பிழைக்காது” என்று யாராவது கடிதத்தை நீட்டும்போது, வாங்கப் போன என் கை ஒரு கணம் தயங்குகிறது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு, ‘அதை வாங்கியது நான்’ என்ற ஒரு சின்ன வாக்கியத்தை, எனக்குத் தெரிந்த இரண்டு மொழியில் ஒன்றிலாவது நான் சொல்லவில்லை.