ஆட்டோவில் போன அந்தமான் செடி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் ஒரு தாவர ஆராய்ச்சி நிலையத்தில் தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே ஒரு தொட்டியில் இடுப்புயரப் புதர்ச்செடி ஒன்று இருந்தது. வருடம் முழுக்கப் பச்சை. இலையின் அடிப்பக்கம் மட்டும் செம்புத் தகடு மாதிரி மின்னும். அந்தமான் தீவுகளில் மட்டும் வளர்வது, அங்கேயும் அரிதாகிவிட்டது என்றார் அதைக் கவனித்துவந்த விஞ்ஞானி, எங்கள் மேடம். அந்த இனத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. எங்களுடையது பெண். பூக்கும், காய்க்காது. கிளையை ஒடித்து நட்டாலும் வேர் பிடிக்கவில்லை. அது பட்டுப்போனால் எங்களிடம் வேறு கிடையாது.

ஒருநாள் பெயர்ப்பலகைகளுக்கு மரக்குச்சி செய்யச் சொல்லி, கோட்டைமேட்டில் ஒரு தச்சர் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் கை கழுவப் போனால், தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரு செடி. காற்றில் இலை புரண்டதும் செம்பு நிறம் தெரிந்தது. குனிந்து இன்னொரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். அதே செம்பு.

“பாய், இந்தச் செடி ஏதுங்க?”

“தம்பி அந்தமான்ல மரமில்லுல இருந்தானுங்க. வாரப்போ கொண்டாந்து வெச்சான். ஒரு காய் கூடக் காணோமுங்க. அடுத்த வாரம் வெட்டிப்போட்டு பாத்ரூம் கட்டறோமுங்க.”

மறுநாளே மேடம் லென்ஸோடு வந்து பூவைப் பிரித்துப் பார்த்தார். ஆண் செடியேதான்! அதன் பூக்களை டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துப்போய், மகரந்தத்தைத் தூரிகையால் எங்கள் செடியில் தடவினோம். மூன்று நாள் தொடர்ந்து செய்தும், தடவிய பூக்கள் உதிர்ந்ததுதான் மிச்சம். நாலாவது நாள் தச்சரின் மனைவி பொறுக்காமல் கேட்டார்.

“ஏங்கண்ணு, தெனமும் பூவப் பறிச்சுட்டுப் போறீங்களே, உங்க செடி தொட்டிலதான இருக்குது? அதைய இங்க கொண்டாந்து வெச்சா ஆகாதுங்களா? மிச்சத்தத் தேனீ பாத்துக்கும்.”

 மேடம் சத்தமாகச் சிரித்துவிட்டார். எங்கள் யாருக்கும் இது தோன்றவே இல்லை.

‘இருப்பதே ஒன்று, வழியில் ஒடிந்தால் யார் பொறுப்பு?’ என்று அலுவலகத்தில் தயங்கினார்கள். மேடம் தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டார். ஆட்டோவில் தொட்டியைக் கால்களுக்கு நடுவே இடுக்கி, செடியை அணைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். உக்கடத்தில் ஆட்டோ சட்டென்று பிரேக் போட, பூத்திருந்த ஒரு கிளை முறிந்து என் மடியில் விழுந்தது. நடுரோட்டில் அழுதுவிட்டேன்.

தச்சர் வீட்டில் கொத்தனாரை அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார்கள். அந்த அக்கா எங்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, வெயிலுக்குப் பழைய புடவை கட்டிப் பார்த்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தோம். கொஞ்ச நாளில் மிளகு அளவில் ஆறு காய்கள்! அவற்றின் விதைகளில் நான்கு முளைத்தன. பாத்ரூமை அவர்கள் வேறு பக்கம் கட்டிக்கொண்டார்கள்.

எங்கள் பதிவேட்டில் இல்லாத எந்த உயிர், யார் வீட்டுக் கொல்லையில், யார் கவனிப்பில் பிழைத்துக் கிடக்கிறதோ என்று, இன்றும் எந்தத் தெருவில் நடந்தாலும் சுற்றுச்சுவருக்கு மேலே எட்டிப் பார்க்காமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை.