டப்ளினில் அப்பா சொன்ன மாலைக் கதை

டப்ளின் தேவாலயத்து வாசலில் அப்பா ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே போனார். பிப்ரவரி பதினான்கு, வெளியே தூறல், குளிர் எலும்பைத் துளைத்தது. சற்று நேரத்தில் அங்கே தொண்டு செய்யும் மேரி என்ற பெண்மணி ஷூவைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். "காலில் காயமா? உட்கார நாற்காலி போடட்டுமா?" என்று பதறினார். "கோயிலுக்குள்ள எல்லாரும் செருப்போட வாராக. இந்தம்மா வேற அதத் தூக்கிட்டு வருது!" என்று அப்பா என்னிடம் முறையிட்டார். இருவருக்கும் நடுவில் நின்று சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் இது சிரிக்கிற பயணம் இல்லை. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் யூனிட் நடத்தும் அப்பா ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் சேவியரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னதும், என்னைக் கையோடு அழைத்துப் போக விமானம் ஏறியவர். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களான நானும் சேவியரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டதே வேலை பார்க்கும் டப்ளின் மருத்துவமனை கேன்டீனில்தான். அவன் வேதக்காரன், கிறிஸ்தவன் என்பது அப்பாவுக்கு ஆகவில்லை. அன்று ஜோடிகளின் மோதிரங்களை மந்திரித்து ஆசீர்வதிக்கும் பூசை. வேடிக்கை பார்க்க வாருங்கள் என்று கெஞ்சி அப்பாவைக் கூட்டி வந்திருந்தேன். முன்வரிசையில் மோதிரத்தோடு உட்கார்ந்திருந்த சேவியர் அப்பாவுக்குப் பயந்து எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

ஊரில் நான் கல்லூரியில் படித்தபோது, இந்தத் தேதியில் ஜோடிகள் டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குத்தான் போவார்கள். கோயிலுக்கு என்றால் எந்த வீட்டில் தடுப்பார்கள்? பிரகாரத்தில் சம்பந்தமில்லாதவர்கள் மாதிரி தள்ளித் தள்ளி நடந்துவிட்டு, ஆளுக்கொரு பால்கோவாப் பொட்டலத்தோடு திரும்புவார்கள். இந்தக் காதலர் தினமே வாழ்த்து அட்டைக் கடைக்காரர்களின் கண்டுபிடிப்பு என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

மேரி ஒரு பெட்டியைக் காட்டினார். வாலண்டைன் என்ற ரோமாபுரிப் பாதிரியாரின் எலும்புகள் அதற்குள் இருக்கின்றனவாம். போர்வீரர்கள் மணம் முடிக்கக் கூடாதென்று மன்னன் தடுத்தபோது, இவர் ரகசியமாகக் கல்யாணம் செய்துவைத்தாராம். அதற்காகத் தலையை வெட்டிவிட்டார்களாம். இதில் எது நடந்தது, எது கதை என்று யாருக்கும் தெரியாது என்றும் சிரித்தபடி சொன்னார்.

"கல்யாணம் பண்ணி வச்சதுக்கா தலைய வெட்டுனாக?" அப்பாவுக்கு மனசே ஆறவில்லை. உடனே ஊர்ப் பெருமையும் பொங்கிவிட்டது. "எங்க பக்கத்துலயும் ஒரு கதை உண்டுன்னு சொல்லு தாயி. சாமிக்குக் கட்டுன மாலைய ஒரு பிள்ளை மொதல்ல தான் போட்டு அழகு பாத்தா. அவ அப்பா திட்டிட்டு, வேற மாலை கொண்டு போனாரு. சாமி வேண்டாம்னுட்டாரு. அந்தப் பிள்ளை போட்டதுதான் வேணும்னாரு."

நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க மேரியின் கண்கள் விரிந்தன. "அப்புறம் அந்த அப்பா என்ன செய்தார்?"

கேள்வியைத் தமிழில் சொன்னேன். அப்பா முன்வரிசையில் தெரிந்த சேவியரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்வாரு... அவ மனசுக்குப் பிடிச்ச எடத்துக்கு அவரே கூட்டிட்டுப் போயி விட்டாரு."

அதை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. மணி அடித்தது. ஜோடிகள் எழுந்தார்கள்.

"போ தாயி. அந்தத் தம்பி ஒத்தையில நிக்குது பாரு."

ஓடினேன். தேவாலயம் என்றும் பாராமல் ஓடினேன்! சேவியரோடு திரும்பி வந்தபோது அப்பா கண்ணைத் துடைத்துவிட்டுக் கறாராகச் சொன்னார்: "மோதிரம் இங்க மந்திரிச்சாச்சு, சரி. மாலை மாத்துறது நம்ம ஆண்டாள் ஊர்லதான்."

நாங்கள் இருவரும் வேகவேகமாகத் தலையாட்டினோம். இதை எழுதும் என் விரலில் டப்ளின் மோதிரம் மின்னுகிறது. கழுத்து மட்டும் மாலைக்காக அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டது.