ஒருவருக்கு ஓர் உறவு

ஜீவனஹள்ளி சங்கமித்ராவுக்கு உறவு என்ற சொல்லைக் கேட்டாலே ஆகாது. மாமியார், நாத்தனார் தொல்லை இல்லை. அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. பெயிண்டர் மகள், தொம்மலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறாள். கம்ப்யூட்டரில் நோயாளிகளின் பட்டியல் ஒரு டேபிள், கூட வந்தவர்களின் பட்டியல் ஒரு டேபிள். யாருக்கு யார் என்ன உறவு என்று இரண்டையும் கோத்து வைப்பது அவள் வேலை. கோத்துத் தர, யாரோ முன்பே எழுதி வைத்த ஒரு புரோகிராம் இருக்கிறது, லைப்ரரி என்பார்கள். அது சொன்னதைச் செய்யும், சொல்லாததையும் சத்தமில்லாமல் செய்து தொலைக்கும்.

அன்று காலை ஆஸ்பத்திரி கவுண்ட்டரிலிருந்து ஓஸ்வால்ட் போன் செய்தார்.

“என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? காந்தான்னு ஒரு பேஷண்ட், குடல்வால் ஆபரேஷன். கூட வந்தவர் பேரு ஸ்கிரீன்ல காலியா இருக்கு. பேர் இல்லாத ஆள் கையெழுத்த வாங்க மாட்டேங்குறாங்க. ஸ்வல்ப சீக்கிரம் பாரும்மா, அந்தம்மா வலில துடிக்கிறாங்க.”

“பேப்பர்ல எழுதிக்கக் கூடாதா சார்?”

“மேனேஜர் ஒத்துக்கல.”

முந்தின நாள் அவள்தான் அந்தப் பகுதியை மாற்றியிருந்தாள். டேபிளை நேராகத் திறந்து பார்த்தாள். கூட வந்தவர் கோவிந்தப்பா என்ற பெயர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. லைப்ரரி வழியாகக் கேட்டால் யாரும் இல்லை என்கிறது. அடப்பாவி! நேற்று மாற்றுவதற்கு முன் இருந்த பழையதற்கே திரும்பிவிடலாமா என்றான் டீம் லீட் கேசவ். திரும்பினால் காலையில் சேர்ந்தவர்களின் விவரமெல்லாம் போய்விடும். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த நினைப்பில் சங்கமித்ராவுக்கு எழுத்துகளே கண்ணில் தெரியவில்லை.

ஓஸ்வால்ட் மறுபடியும் கூப்பிட்டார். “அந்தாளு கத்துறாரும்மா. முதல்ல மாமான்னு சொன்னேன், அப்புறம் புருஷன்னும் சொன்னேன், ரெண்டையும் ஏத்திக்கிட்டு இப்ப நான் யாருமே இல்லன்னா எப்படிங்கறாரு.”

“இருங்க சார். மாமாவா, புருஷனா?”

“தாய்மாமனத்தான் கட்டிக்கிட்டிருக்காங்க. இதென்ன ஊர்ல இல்லாததா?”

தலையில் அடித்துக்கொண்டாள். ஒருவருக்கு ஓர் உறவுதான் என்று எழுதியவள் அவளே. இரண்டாவதாகக் கணவர் என்று பதிந்ததும் லைப்ரரி முதல் முடிச்சை அவிழ்த்துவிட்டது. கையெழுத்துப் போடவேண்டியவர் என்ற குறி அந்த மாமா முடிச்சில்தான் இருந்தது; அதோடு பெயரும் ஸ்கிரீனிலிருந்து போய்விட்டது. சங்கமித்ராவைப் பெற்றவள் கட்டிக்கொண்டதும் சொந்தத் தாய்மாமனைத்தான். அம்மா நாள் முழுக்க அப்பாவை ‘மாமா, மாமா’ என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த கழுதைக்கு இது தோன்றவில்லையே!

ஒருவருக்குப் பல உறவு என்று வரியை மாற்றினாள். அவிழ்ந்ததைக் கையால் முடிந்தாள். கேசவ் சரிபார்த்து அனுப்பினான். பிறகு போனே வரவில்லை. அவள் கூப்பிட்டால் ஓஸ்வால்ட் எடுக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவே இல்லை.

கடைசியில் எடுத்தார். “பேர் வந்துடுச்சு, கையெழுத்து போட்டுட்டாரு. காந்தாம்மா உள்ள இருக்காங்க.”

“பொழச்சுப்பாங்களா சார்?”

“தெரியலம்மா. குடல்வால் வெடிச்ச அப்புறம்தான் உள்ள கொண்டு போனாங்களாம். அந்தாளு வாசல்லயே நிக்கிறாரு. யாரால லேட்டாச்சுன்னு கேட்டாரு. கம்ப்யூட்டராலன்னு சொல்லிட்டேன்.”