மாமியாருக்கு இரண்டு, அம்மாவுக்கு ஒன்றுமில்லை

கழக்கூட்டத்தில் இருக்கும் என் ஆபீஸில் இன்று மருத்துவ இன்ஷூரன்ஸைப் புதுப்பித்தார்கள். பார்த்தால், என் அம்மாவின் பெயரை எடுத்துவிட்டு மாமியாரின் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள்.

யாரைக் கேட்டு என்றேன்.

"கல்யாணம் கழிஞ்சாச்சுல்லே மேடம், இனி ஹஸ்பண்ட் வீட்டுக்காரங்கதான்," என்றார் மலையாளி எச்.ஆர்.காரர்.

பக்கத்து சீட்டு அனிலுக்கும் கல்யாணமாகிவிட்டது. அவன் பாலிசியில் மட்டும் அவன் அம்மாவே இருக்கிறார்.

"அது ஆண்களுக்கு மாறாது மேடம்."

மாமனாரின் அரசாங்கப் பென்ஷனில் மாமியாருக்கு ஏற்கெனவே மருத்துவச் செலவு கிடைக்கிறது. என் அம்மாவுக்கு நான் ஒருத்திதான். பணம் பிடிப்பதோ என் சம்பளத்தில்.

சாயங்காலம் கரமனையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லிக் கத்தினேன்.

"போனாப் போறது விடுடி. நான் உடம்புக்கு வராம பாத்துக்கறேன்," என்றாள்.

இப்போதைக்கு அம்மாவுக்கு இருக்கும் ஒரே இன்ஷூரன்ஸ் அதுதான். உங்கள் அம்மாக்களுக்கும் இதே பாலிசியா?