கடவைக்கு வெளியே ஒரு வரி

தங்கையின் கணவருக்கு முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி முடிந்த மறுநாள், மொன்ட்ரியாலின் செயின்ட்-மிஷேலில் உள்ள தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தங்கை என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினாள். அவளுடைய கணவரும் நானும் சேர்ந்து எழுதிய கணினி நிரலின் ஒரு பக்கம் அது. நாலாய் மடித்த மடிப்புகள் நைந்திருந்தன. ஒரே ஒரு வரி சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது.

“அண்ணை, இவரின்ரை பேர்சுக்குள்ளை கிடந்தது. இதிலை என்ன எழுதியிருக்கு?”

அவளுடைய கணவரை நான் வேலையிடத்திலும் மச்சான் என்றே அழைத்தேன். வீடு வீடாகச் செல்லும் தாதியரின் வருகைகளை ஒழுங்குபடுத்தும் மென்பொருளை, டவுன்டவுனில் ஒரு சிறு நிறுவனத்தில், ஒரே கணினியின் முன் இருவருமாக எழுதினோம். அவருடைய கணக்கில் நுழைந்தே எழுதியதால், பதிவில் விழுவது அவருடைய பெயர் மட்டும். எங்கள் மொழி குளோஜர். அதில் ஒருமுறை வைத்த மதிப்பு மாறாது. மாற்றம் வேண்டுமென்றால் புதிதாக ஒன்றை ஆக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அது ஜாவா என்னும் தளத்தின் மேல் ஓடும் மொழி. திகதி போன்ற பலவற்றுக்கு ஜாவாவின் செயல்முறைகளை அழைத்தே ஆகவேண்டும். அங்கே அந்த உறுதி கிடையாது; நாம் கொடுத்த பொருளையே அது மாற்றிவிடலாம். ஆகவே மச்சான் ஒரு வழக்கத்தை வகுத்தார். ஜாவாவை அழைக்கும் வரிகள் அனைத்தும் ஒரே கோப்பில் இருக்கும். அதன் பெயர் கடவை. நகலெடுக்காமல் எதுவும் அதைத் தாண்டக் கூடாது.

“ரெயில் கடவை மாதிரிக் கேற்றும் போடுவாய் போல,” என்று சீண்டுவேன்.

“ஓம், உனக்கு மட்டும் ரெண்டு கேற். நீதான் பாய்ஞ்சு போற ஆள்.”

ஒரு வெள்ளிக்கிழமை, மகளைக் கார்டெரி என்னும் குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூட்டிவர அவர் முன்னதாகவே எழுந்து போனார். எஞ்சியிருந்தது சிறு வேலை: நாள் விட்டு நாள் பார்க்க வேண்டிய நோயாளருக்கு அடுத்த வருகையைக் கணக்கிடுவது. அவருடைய கதிரையில் அமர்ந்தபடி, கடவைக்குப் போகாமல், ஜாவாவின் திகதிச் செயல்முறையை நேரே அழைத்தேன். நகலெடுக்கவில்லை. ஒரே வரி, ஓடிற்று. அடுத்த வருகை சரியாக வந்தது. அதனோடு முதல் வருகையும் இரண்டு நாள் தள்ளிப்போனதை நான் பார்க்கவில்லை.

அந்த ஒழுங்கில் முதலில் சேர்க்கப்பட்டவர், மொன்ட்ரியால்-நோரில் தனியே வசித்த இதய நோயாளியான ஒரு மூதாட்டி. திங்கட்கிழமை அவரிடம் எவரும் போகவில்லை. புதன்கிழமை தாதி தட்டியபோது கதவைத் திறக்க ஆள் இல்லை.

விசாரணைக் கூட்டத்தில் முகாமையாளர் அந்த வரியைத் திரையில் காட்டி, யார் எழுதியது என்று கேட்டார். தான்தான் என்று மச்சான் பிரெஞ்சில் சொன்னார். அவருக்கு அருகில், கைகளை முழங்காலில் வைத்தபடி நான் இருந்தேன்.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதன்பின் இறுதிவரை அவர் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவினார். நான் ஓய்வு பெறும்வரை அந்த அலுவலக மேசையிலேயே இருந்தேன். அவர் அந்த வரியைத் தன்னுடையதென்றே நம்பிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். “அந்தக் கிழவியை நினைச்சு இவர் நித்திரை கொள்ளுறேல்லை, அண்ணை,” என்று தங்கை ஒருமுறை சோறு போட்டபடி சொன்னாள். நான் சாப்பிட்டு முடித்தேன்.

இப்போது அந்தக் காகிதத்தின் ஓரத்தில், வட்டத்துக்குப் பக்கத்தில், அவருடைய கையெழுத்தைப் பார்த்தேன்: “வெள்ளி, நாலு மணி. நான் கார்டெரியிலை.” வரி எழுதப்பட்ட நேரமும் பதிவாகும் என்பதை நான் மறந்திருந்தேன். அவர் மறக்கவில்லை. கீழே, விசாரணைக் கூட்டத்துக்கு முந்தைய நாளின் திகதி. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே காகிதத்தை அவர் எவருக்கும் காட்டாமல் பேர்சில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்க இனி அவர் இல்லை.

“பழைய வேலை விசயம், பிள்ளை,” என்றேன். தங்கை தலையசைத்து, அதை மறுபடி நாலாய் மடித்து, அவருடைய படத்தின் கீழ் வைத்தாள்.

அவளுக்கு அன்றும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்த மூதாட்டியின் சாவு அவளுடைய கணவரின் பிழை அன்று. வரி என்னுடையது. இன்றிரவு நான் எழுதிய இந்தப் பக்கங்களை அவளே முதலில் வாசிக்கட்டும். நாளை காலை, அந்த மடித்த காகிதத்தின் மேல் இவற்றை வைத்துவிட்டு, அவள் வாசித்து முடிக்கும்வரை அந்தச் சாப்பாட்டு மேசையில் இருப்பேன்.